சக்கரத்துப் பொட்டு

இன்று காப்பிக் களத்தில் இருப்பவர்கள்: நான், நேற்று மாலை திண்டுக்கல்லில் இருந்து வந்த என் தங்கை மகன் ராசபாண்டி, அவன் மனைவி தெய்வானை, தோட்ட வேலைக்கு வரும் ஒச்சம்மா, திருஷ்டிப் பூசணிக்காயை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நிற்கும் அவள் புருஷன் சங்கிலி, பிறகு வண்டி. தங்கை வரவில்லை, முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வண்டியை ஆளோடு சேர்த்து எண்ணக்கூடாது என்று ராசபாண்டி சொல்வான், ஆனால் நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன், ஆக மொத்தம் ஆறு. ஆயுத பூஜை. கற்பூரம் பம்பருக்கு முன்னால் எரிந்து அடங்கப் போகிறது, புகை கண்ணாடி வழியாக உள்ளே வந்து தொண்டையில் உட்காருகிறது, ஒச்சம்மா கட்டிய செவ்வந்திச் சரம் கண்ணாடிக்கு மேலே தொங்கி எனக்குப் பாதையை மறைக்கிறது, அதை விலக்கச் சொல்ல வேண்டும், நாலு பேருக்கு முன்னால் கத்திச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நானே கையை வெளியே நீட்டி விலக்கிக்கொண்டேன். வலது கால் பிரேக்கில் இருக்கிறது. இடது கால் தன் இடத்தில் கிடக்கிறது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அது இப்படித்தான், சூம்பிப்போய், நான் எங்கே தூக்கி வைக்கிறேனோ அங்கே இருக்கும். இந்த வண்டிக்கு இடது கால் வேண்டாம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கீழ் பங்களாக்காரர் ஊரை விட்டுப் போகும்போது விற்றதை நான் வாங்கினேன். இதை விட்டால் எனக்கு இன்னொரு வண்டி கிடைக்காது, இந்த மலையில் ஓடுவதெல்லாம் கிளட்ச் வைத்த ஜீப்புகள். அதை ராசபாண்டி நினைத்துப் பார்த்தானா என்று தெரியவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "புதன்கிழமை ஆள் வருது பெரிம்மா, வண்டியப் பாக்க. கழட்டி பார்ட்ஸா விக்கிறவரு. கியர்பாக்ஸ் சத்தமெல்லாம் அவருக்குப் பொருட்டில்ல." நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான்.

"அக்கா, எடுங்க, கற்பூரம் அமந்துருச்சு," என்றான் சங்கிலி. ராசபாண்டி என் பக்கத்தில் ஏறிக்கொண்டான், தெய்வானை பின்னால். லிவரை இழுத்தேன். டொக். இது ஒன்று. அடிவயிற்றில் இருந்து வருகிற சத்தம், பித்தளைக் குடத்தைப் பாதி நீரோடு தரையில் வைத்தால் வருமே அப்படி. வண்டியை வாங்கிய அன்றைக்கே இது உண்டு. அது போல நிற்கும்போது ஒன்று, கடைசி அடி நகர்ந்து முடிகிற இடத்தில், பின்னால் இருந்து யாரோ முழங்காலால் முட்டியது போல. அந்த இரண்டும் எனக்குப் பழகிவிட்டன, அவை வராவிட்டால்தான் பயப்படுவேன். மற்றவை புதியவை. களத்தில் இருந்து கீழே பிள்ளையார் கோயில் வரைக்கும், மூன்று வளைவு, மரத்தை ஒரு சுற்று, நின்றால் கணக்கு முடிந்தது. அந்தத் தூரத்துக்கு இப்போது ஒன்பது. புதுத் தார் ரோடு போட்ட பிறகுதான் இப்படி. அதற்கு முன் குழாய் பதிக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஆடி முழுக்க, ஆவணியில் பாதி வரைக்கும் சேற்றில்தான் ஓட்டினேன், அப்போது ஒரு சத்தமும் கூடவில்லை. தார் காய்ந்து முதல் நாள் இறங்கினேன், முதல் வளைவிலேயே டொக், டொக். ராசபாண்டியிடம் போனில் சொன்னபோது சிரித்தான். "மோசமான ரோட்டுல வண்டி கெடும்னு கேள்விப்பட்டிருக்கேன். நல்ல ரோட்டுல கெடுற வண்டி உங்களுது ஒண்ணுதான் பெரிம்மா." எனக்கும் அது விளங்கவில்லை. விளங்காத ஒன்று வயிற்றுக்கு அடியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் கதவைத் தட்டுகிறது. இரும்புத் தண்டு ஒன்று முன்னாலும் பின்னாலும் ஓடுகிறதாம், அது விழுந்தால் ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிவிடுமாம், ராசபாண்டி கைபேசியில் படம் காட்டினான், யாரோ ஊர் பேர் தெரியாதவனின் வண்டி. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இப்போது ஒவ்வொரு டொக்குக்கும் அந்தப் படம் வருகிறது, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம் அதில் ஒட்டிக்கொள்கிறது. தெய்வானைக்கு இது ஐந்தாம் மாதம். மெல்ல ஓட்டு, சிட்டம்மா, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிரேக்கை விட்டேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம், நசுங்குகிற சத்தம், வெடித்த தோலின் வாசனை கற்பூரத்தை அழுத்திக்கொண்டு மேலே வருகிறது. களத்துச் சிமெண்ட் மழைப்பாசி பிடித்துக் கறுத்திருக்கிறது, தைக்குள் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் காப்பிக்கொட்டையில் வாடை ஏறும், தை வரும்போது கொட்டையை யார் வத்தலக்குண்டுக்கு இறக்குவது, ஜீப்புக்காரனா, அவன் வருகிற நேரமா.

கேட்டில் நிற்க வேண்டும், பூசணிக்காய் உடைக்க. நின்றேன். டொக். இதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, இது பூசணிக்காய்க்காக நின்றது, மற்ற நாட்களில் கேட்டில் நிற்பதில்லை. சங்கிலி பூசணிக்காயை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறான், "கண்ணு பட்டது காடு போகட்டும்," என்று ஏதேதோ சொல்கிறான், மனைவி சிரிக்கிறாள் என்று குரலைக் கூட்டுகிறான். செவ்வந்திச் சரம் சக்கரத்தில் மாட்டியிருக்குமோ என்று பயம் வந்தது. கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். சரம் மாட்டவில்லை. பொட்டுதான் கண்ணில் பட்டது. விடியற்காலையில் நான்கு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான், டயரின் பக்கவாட்டில், ஒவ்வொன்றுக்கும் நேர் உச்சியில். ஒச்சம்மா கேலி பண்ணினாள். "சாமிக்கே இவ்வளவு நேரா வச்சதில்ல. எங்கிட்டு வச்சாத்தான் என்னக்கா, சுத்தப் போறதுதான." எனக்கு அப்படி முடியாது. ஒன்று உச்சியில் என்றால் நான்கும் உச்சியில் இருக்க வேண்டும். இப்போது முன் சக்கரத்துப் பொட்டு நேராக முன்னால், பம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பின் சக்கரத்துப் பொட்டு இன்னும் அங்கே வந்து சேரவில்லை. உச்சிக்கும் முன்பக்கத்துக்கும் பாதி வழியில், பின்தங்கிப்போன ஆடு மாதிரி. ஒரே வண்டியின் சக்கரங்கள், ஒரே களத்தை நேர்கோட்டில் கடந்தவை, எப்படி ஒன்று பின்தங்கும். நான் வைத்தது சரியில்லையோ. இல்லை. பின் சக்கரத்துக்கு வைத்துவிட்டு எழுந்து, தள்ளி நின்று பார்த்து, ஒரு விரல் அளவு விலகியிருந்ததை அழித்துத் திரும்ப வைத்தேன். அந்தச் சக்கரத்தைத்தான் இரண்டு தடவை வைத்தேன். "சங்கிலி," என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி கூப்பிட்டேன், "இடது பக்கம் போய்ப் பாரு, பொட்டு ரெண்டும் எங்க இருக்குன்னு சொல்லு." அவன் உடைத்துப் போட்ட பூசணித் துண்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "டயர்லதான்க்கா இருக்கு." ராசபாண்டி தொடையில் அடித்துச் சிரித்தான். "அதில்லப்பா, டயர்ல எந்தப் பக்கம்?" என்றேன் சங்கிலியிடம். "ரெண்டும் முன்னாடி பாத்து இருக்குக்கா. ஜோரா இருக்கு." அப்படியானால் மூன்று முன்னால் பார்க்கின்றன. ஒன்று மட்டும் பிந்துகிறது, வலது பின் சக்கரம். "என்ன பெரிம்மா, நல்ல நேரம் போகுது," என்றான் ராசபாண்டி. கதவைச் சாத்தினேன்.

கேட்டைத் திரும்பினேன், டொக், இது இரண்டு. முதல் வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி முக்குகிறது, யாரோ பின்னால் இருந்து சேலையை இழுத்துப் பிடித்தது போல, பிறகு விடுகிறது, டொக், டொக், மூன்று, நான்கு. "கேட்டீங்களா," என்கிறான் ராசபாண்டி, நான் கேட்காதது போல. நான் கேட்பதெல்லாம் இதைத்தான், வேறு எதைக் கேட்கிறேன், தூக்கத்திலும் இதுதான். ஒரு சக்கரம் ஏன் பிந்துகிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ, பிடித்தால் சூடாகுமே, காந்தல் வாசனை வருமே, வந்தது எலுமிச்சை வாசனைதான். இந்த வளைவின் ஓரத்தில் ஒரு பாறை இருக்கிறது, சப்பட்டையாக. அதில்தான் நான் ஜீப்புக்காக உட்கார்ந்திருப்பேன், வண்டி வாங்குவதற்கு முன்னால் இருந்த வருஷங்களில். ஜீப் வரும், ஆட்கள் பிதுங்கிக்கொண்டு இருப்பார்கள், "காலை மடக்கி உள்ள போடுங்கக்கா," என்பான் டிரைவர், தானாக மடங்காத காலை, பிறகு இரண்டு பேர் என்னைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், மூட்டைக்குச் செய்வதுபோல ஒன்று இரண்டு மூன்று சொல்லி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் தொடுகிற கை எந்த இடத்தில் படும் என்று தெரியாமல் உடம்பை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான், பெரிய பள்ளிக்கூடம் கீழே இருந்தது, தூக்கிக்கொண்டு போக என் மாமாவுக்கு முதுகில் வலு இல்லை. இந்த வண்டி வந்த பிறகு என்னை யாரும் தூக்கவில்லை. நானே கதவைத் திறக்கிறேன், நானே காலைத் தூக்கி வைக்கிறேன். இரண்டாம் வளைவு, டொக், ஐந்து. புதன்கிழமை அந்த ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனால் வியாழக்கிழமை நான் அந்தப் பாறையில் உட்கார வேண்டும். இல்லை. உட்கார மாட்டேன். இதை நேற்று ரசம் ஊற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்பது என்ன பெரிய வார்த்தையா, ஆனால் அவன் என் மேல் உள்ள அக்கறையில் செய்கிறான், திண்டுக்கல்லில் ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறான், கட்டில் கூட வாங்கிவிட்டானாம், அன்பாகப் பேசுகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு புரள்வதில்லை. மூன்றாம் வளைவு, டொக், டொக், ஆறு, ஏழு. தெய்வானை பின்னால் இருந்து, "பெரியத்தே, எனக்குப் பயமா இல்ல, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க," என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் தலைக்குப் பின்னால் பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியின் கறுப்பு வட்டம் தெரிந்தது. அதை எந்நேரமும் பார்க்கிறேன். கண்ணாடியைப் பார்க்கும் போதெல்லாம் பாதி ரோடு, பாதி அந்த டயர்.

அரச மரத்தைச் சுற்றினேன். என்னால் நடந்து சுற்ற முடியாது, வண்டியோடு சுற்றிக்கொள் என்று ஊரில் விட்டுவிட்டார்கள், பிள்ளையாரும் ஒன்றும் சொன்னதில்லை. பாதிச் சுற்றில் டொக், எட்டு. நின்றபோது டொக், ஒன்பது. ராசபாண்டி இறங்கிச் சூடம் ஏற்றப் போனான். நான் ஸ்டெப்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடிக்குள். காஜா போனில் கேட்டது நினைவில் தட்டியது. வத்தலக்குண்டு மெக்கானிக் காஜா, எதையும் பொறுமையாகக் கேட்கிறவர். நான் ஒவ்வொரு சத்தமாக அவருக்குச் சொன்னேன், வளைவில் வருகிறது, நேர் ரோட்டில் இல்லை, சேற்றில் இல்லை, தாரில் வருகிறது என்று. அவர் கேட்டார்: "டயர் நாலும் ஒரே மாதிரிதானம்மா? ஏன்னா இது நாலு சக்கரமும் ஒண்ணாச் சேர்ந்து இழுக்குற வண்டி. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இருந்தா உள்ளுக்குள்ள முறுக்கிக்கும். மண்ணுல வழுக்கி விட்டுக்கொடுத்துரும். தாருல விட்டுக்கொடுக்காது, முறுக்கு அவுறும்போது டொக்குனும்." நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, நான்கு டயரிலும் எழுதியிருந்த பெயரையும் நம்பரையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான்கும் ஒன்று. அதையே சொன்னேன். "அப்பச் சரி," என்றார் அவர், "டயர் இல்லன்னா கியர்பாக்ஸ எறக்கிப் பாக்கணும், வயசான வண்டி." அது ராசபாண்டி காதுக்கும் போனது, அதில் இருந்துதான் பார்ட்ஸ் ஆள். நம்பர் ஒன்றுதான். நம்பரைப் படித்த நான் டயரைப் பார்க்கவில்லை. ஆடியில் குழாய்க்குத் தோண்டிய குழியோரக் கல் வலது பின் டயரைக் கிழித்தது. சங்கிலி ஸ்டெப்னியை மாட்டினான். கிழிந்ததற்குப் பதில் ஒரு புது டயர் வாங்கினேன், கடைக்காரர் ஜோடியாகப் போடச் சொன்னார், மற்றது நன்றாக இருக்கும்போது எதற்கு என்று ஒன்றுதான் வாங்கினேன். வாங்கியதைப் பின்னால் தொங்கவிட மனசு வரவில்லை. புதுசை வாங்கி யாராவது வெயிலில் தொங்கப் போடுவார்களா, புதுப் பாயை வாங்கிப் பரணில் போடுவார்களா, நல்ல நாள் பார்த்துப் புது டயரைத் தரையில் ஓடவிட்டு, தேய்ந்த ஸ்டெப்னியைக் கழற்றித் திரும்பப் பின்னால் மாட்டச் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து டயரையும் இடம் மாற்றுவேன், அதனால் பழைய நான்கும் ஒரே அளவுக்குத் தேய்ந்தவை. புதுசு மட்டும் தேயாதது. உள்ளங்கை அகலம் வேண்டாம், அரை விரல் தடிமன் போதும். பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும். குறைவாகச் சுற்றினால் பொட்டு பிந்தும். எலும்புக்குள் குளிர் ஓடியது, பயத்தின் குளிர் இல்லை. சாவியைத் தேடுகிறவன் அது கையில் இருப்பதைப் பார்த்தால் வருகிற குளிர்.

களத்துக்குத் திரும்பியதும், இறங்காமலே சொன்னேன், ஜாக்கியை எடுக்கச் சொல்லி. "பூஜை போட்ட அன்னைக்கா? இன்னைக்கு ஆயுதத்த எடுக்கக்கூடாதுக்கா," என்றாள் ஒச்சம்மா. சங்கிலி, "ஜாக்கி என்ன ஆயுதமா, அதுக்கு நீ பொட்டே வைக்கலயே," என்றான். அவர்களுக்குள் அது தீரட்டும் என்று ராசபாண்டியைப் பார்த்தேன். வலது பின்னால் இருக்கிற புதுசைக் கழற்றிப் பின்கதவில் மாட்டு, பின்கதவில் இருக்கிற பழசைக் கீழே போடு என்றேன். அவன் இடுப்பில் கை வைத்தான். "புதுசக் கழட்டிட்டுப் பழச மாட்டச் சொல்றீங்க. சரியாத்தான் பேசுறீங்களா பெரிம்மா?" சொன்னேன், கேட்டில் பொட்டு பிந்தி நின்றதைச் சொன்னேன். அவன் குந்தி உட்கார்ந்து நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டான். நட்டுகளைச் சங்கிலி கழற்ற அவன் டயரைத் தூக்க, தெய்வானை நட்டுகளைத் தாம்பாளத்தில் வாங்கி வைத்தாள், பூவோடும் விபூதியோடும். மாட்டி முடித்து எழுந்தபோது அவன் நெற்றியில் டயர்க் கரி. இப்போது சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்த்த பிறகு இல்லை, இப்போது. ஓட்டிப் பார்த்துச் சத்தம் குறைந்தால்தான் சொல்வேன் என்றால் அது சத்தம் சொல்கிற பதில், என் பதில் இல்லை. "ராசு," என்றேன். "புதன்கிழமை வர்ற ஆள வரவேண்டாம்னு சொல்லிரு." அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். "சத்தம் போகலேன்னா?" "போகலேன்னா காஜா எறக்கிப் பாக்கட்டும். அவரு ஓட்டலாம்னு சொன்னா சத்தத்தோட இருந்துக்கிறேன். கொடுக்கிறதா இல்ல." "கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டாச்சு பெரிம்மா." "வர்றேன். நானே ஓட்டிட்டு வந்து படுத்துட்டு, நானே ஓட்டிட்டு வந்துருவேன்." ஒச்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. ராசபாண்டி களத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், பிறகு, "சொல்லிர்றேன்," என்றான், கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

மறுபடி எலுமிச்சம்பழம் வைக்கவா என்று சங்கிலி கேட்டான், வேண்டாம் என்றேன். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள், ஒச்சம்மாவும். லிவரை இழுத்தேன். டொக். ராசபாண்டி ஒரு விரலை மடக்கினான், அவன் எண்ணுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. களத்தைக் கடந்தோம். கேட்டைத் திரும்பினேன், காது அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டது, வரவில்லை. முதல் வளைவு. பாறை தெரிகிறது, பாறையில் ஓர் ஓணான் உட்கார்ந்திருக்கிறது, இருக்கட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன், சேலையை யாரும் இழுக்கவில்லை, வண்டி நீரில் போவதுபோலத் திரும்பியது, நான்தான் நம்பாமல் காலைப் பாதி பிரேக்கில் வைத்திருந்தேன். இரண்டாம் வளைவு, டயர் தாரில் ஓடுகிற இரைச்சல் மட்டும், அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை, இல்லாததைக் கேட்பதும் காதுக்கு ஒரு வேலைதான். அடுத்ததில் வரும் என்று பயந்தேன், மூன்றாம் வளைவில் வரவில்லை. அரச மரத்தைச் சுற்றும்போது இலை நிழல் கண்ணாடியில் ஓடியது, சங்கிலி பின்னால் இருந்து, "வண்டி ஊமையாப் போச்சுடி," என்றான், ஒச்சம்மா, "வாய மூடு, கணக்குப் போடுறாங்க," என்றாள். கோயில் முன்னால் மெல்ல, மிக மெல்ல நிறுத்தினேன். ராசபாண்டி மடக்கிய ஒரே விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினான், சிரிப்பை அடக்க முடியாமல். "ஒண்ணே ஒண்ணுதான் பெரிம்மா! ஒம்போதுல எட்டு போச்சு!" அவனுக்குச் சந்தோஷம், எனக்காக ஒன்றைக் குறைத்தே சொல்கிறானோ, அல்லது சிரிப்பில் கடைசியை விட்டுவிட்டானோ. இருந்தாலும் கணக்கு கணக்குதான். "நின்னப்ப வந்தத விட்டுட்டப்பா," என்றேன். "ஏழுதான் போச்சு. மீதி ரெண்டு."